கப்பல் அறையில் நான் திறந்த கதவு

போன பள்ளி விடுமுறையில் ஈப்போவிலிருந்து நாங்கள் நால்வரும் முதல்முறையாகக் கப்பல் பயணம் போனோம். எல்லாருக்கும் ஒரே அறை, ஒரே குளியலறை. இரண்டாம் நாள் காலை உள்ளே போன என் பதினான்கு வயது மகள் அரை மணி நேரமாகியும் வரவில்லை. பசியாற நேரமாகிறதென்று கணவரும் மூத்த மகனும் முணுமுணுத்தார்கள்.

"கொஞ்சம் இருங்கம்மா, வாரேன்," என்றாள்.

நான் பொறுக்காமல் இருபது சென் காசால் பூட்டை வெளியிலிருந்து திருப்பிக் கதவைத் திறந்துவிட்டேன். மாதவிலக்குக் கறை பட்ட படுக்கை விரிப்பை அழுதுகொண்டே அலசிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்ற மகன் சிரித்துவிட்டான். "நம்ம குடும்பந்தானே, என்ன வெக்கம் லா," என்று நானும் சிரித்தேன்.

மறுநாள் அவள் மாடிப்படியில் மயங்கி விழுந்தாள். கப்பல் டாக்டர் விசாரித்தபோது, "அந்தப் பாத்ரூமுக்குப் போகக் கூடாதுன்னு தண்ணியே குடிக்கல," என்றாள், என்னைப் பார்க்காமல்.

இப்போதெல்லாம் கதவைத் தட்டிவிட்டுப் பதில் வரும்வரை காத்திருக்கிறேன். வெளியூரில் தங்கினால், அவள் குளித்து முடிக்கும்வரை மற்றவர்களை வெளியே கூட்டிப் போய்விடுகிறேன். ஈப்போ சிலிபினில் இருக்கும் எங்கள் வீட்டுக் குளியலறைக்கு உள்தாழ்ப்பாளும் போட்டாயிற்று. ஆனாலும் நான் வேலைவிட்டு வருவதற்குள் அவள் குளித்துவிடுகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டில் இருப்பதால், துண்டை எடுத்துக்கொண்டு அவள் சித்தி வீட்டுக்குப் போகிறாள்.