பாப்பாவுக்கு வந்த கடிதம்

நடந்தவை, வரிசைப்படி:

1. அக்கா கிள்ளானில் பிறந்தாள். முப்பதாம் நாள் பெயர் சூட்டுவதாக இருந்தது. அதற்கு முன்பே அப்பா பிறப்பைப் பதியப் போய்விட்டார். பெயர் கேட்ட குமாஸ்தாவிடம், "இப்போதைக்குப் பாப்பாதான்" என்றார். குமாஸ்தா அப்படியே எழுதிக்கொண்டார்.

2. பதினெட்டு ஆண்டுகள் அந்தக் காகிதத்தை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

3. அக்கா சிங்கப்பூரில் கல்லூரி படிக்க விண்ணப்பப் படிவம் வரவழைத்தாள். முதல் வரியே, பிறப்புச் சான்றில் உள்ளபடி பெயர்.

"பதினெட்டு வயசுல நான் பாப்பாவாப்பா?" என்று அக்கா கத்தினாள்.

"அப்ப நீ பாப்பாதானேம்மா" என்றார் அப்பா.

பெயரைத் திருத்த அப்பா, நாங்கள் அப்போது குடியிருந்த பிரிக்பீல்ட்ஸிலிருந்து மூன்று முறை கிள்ளானுக்கு ரயிலேறினார். முதல் முறை சாட்சி வேண்டும் என்றார்கள். இரண்டாம் முறை, பிரசவம் பார்த்தவளே வேண்டும் என்றார்கள். அவள் எப்போதோ கப்பலேறிப் போயிருந்தாள். மூன்றாம் முறை அலுவலகம் விடுமுறை. அது அப்பாவுக்கு மட்டும் தெரியவில்லை. கெடு நெருங்கியது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, "பாப்பா" என்றே எழுதி அனுப்பினாள்.

இதில் எல்லாரும் மறந்த விஷயம் ஒன்று உண்டு. அக்கா வளர்ந்ததும், அவள் பாவாடைகளைப் போலவே அந்தப் பெயரும் எனக்கு வந்துவிட்டது. அப்போது எனக்கு ஆறு வயது.

ஒருநாள் வாசலில் தபால்காரர் நின்றார்.

"இங்க பாப்பா யாரு?"

"நாந்தான்."

"அடேயப்பா, சிங்கப்பூர்லேருந்து காயிதம் வருதே! பெரிய ஆளுதான்லா நீ!"

எங்கள் ஊர்த் தபால்தலையில் புலி இருக்கும். இதில் இங்கிலீஷ் ராஜாவின் தலை இருந்தது. பிரித்தால் கிழிந்துவிடும் என்று, பிரிக்காமலே என் தகரப் பெட்டியின் அடியில் வைத்தேன். அக்கா தினமும் வாசலுக்கு வந்து பார்ப்பாள். அப்பா தபால் அலுவலகத்துக்கே போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தார். எனக்கு வந்த கடிதத்துக்கும் அவர்கள் தேடும் கடிதத்துக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஆங்கிலம் படிக்க வந்தபின் பிரித்தேன். கல்லூரியிலிருந்து அக்காவை நேர்முகத் தேர்வுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அந்தத் தேதி போய் நான்கு வருடம் ஆகியிருந்தது.

இன்று ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிறேன். சீசாவில் சீட்டு ஒட்டுமுன் பெயரை இரண்டு முறை கேட்பேன். அக்கா பந்திங்கில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். தபால்காரர்களை இன்னும் திட்டுகிறாள். கடிதம் என்னிடம்தான் இருக்கிறது. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.