ஆயுத பூஜைக்கு மறுநாள் நின்ற மெஷின்

மூன்று மாதப் பயிற்சியை முடித்து நான் கோயம்புத்தூரிலிருந்து திரும்பிய அன்று, பேருந்து நிலையத்தில் பைக்கோடு காத்து நின்றவர் எங்கள் ஃபோர்மேன் அண்ணாச்சி. என் சான்றிதழை வாங்கி வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "எல்லாம் இங்கிலீஷா இருக்குலே. நீயே வச்சுக்க" என்று சிரித்தார். அந்தத் தாள் அவர் வேலைக்கு வேட்டு வைக்கும் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். அப்புறமும் எதற்குச் சிரித்தார்? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

கோவில்பட்டியில் எங்கள் தீப்பெட்டி ஆலைக்குத் தானியங்கி மெஷின் வந்த புதிது. "இனிமே உயர் பயிற்சி முடிச்சவந்தான் மெஷினத் தொடணும். மத்தவிய பேக்கிங்குக்குப் போயிருங்க" என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். பயிற்சியில் சேரப் பத்தாம் வகுப்பாவது வேண்டும். அண்ணாச்சி எட்டோடு நின்றவர். ஆனால் நான் ஊரில் இல்லாத மூன்று மாதமும் மெஷினை ஓட்டியது அவர்தான். "ஆயுத பூஜை கழியட்டும், உம்ம விஷயத்தப் பாப்போம்" என்று அவரிடம் முதலாளி சொல்லி வைத்திருந்தார்.

பூஜைக்கு மறுநாள் மெஷின் அசையவில்லை. வாசலில் லாரி நிற்கிறது, முதலாளி கத்துகிறார். நான் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் முட்டி மோதினேன். படித்ததெல்லாம் எங்கே போய்த் தொலைந்ததோ! அண்ணாச்சி வந்து குனிந்தார். குச்சி வருகிறதா என்று பார்க்கும் சென்சார் கண்ணின் மேல் சந்தனப் பொட்டு காய்ந்து அப்பியிருந்தது. துண்டு நுனியால் துடைத்தார். மெஷின் ஓடியது.

அந்தப் பொட்டை வைத்தது நான்தான். பக்தி முற்றிப்போய் முந்தின நாள் மெஷினின் மூலை முடுக்கெல்லாம் வைத்திருந்தேன்.

அண்ணாச்சியை முதலாளி மெச்சுவார் என்று நினைத்தேன். அவரோ, "பாத்தியளா, பயிற்சி இல்லாத ஆளு கை பட்டா இதுதான் கதி. ஃபோர்மேன், நாளையில இருந்து நீரு பேக்கிங்குக்குப் போயிரும்" என்றார். பொட்டு வைத்தது நான்தான் என்று சொல்லாமல் லேப்டாப்பை மூடினேன். பயமா, பதவி ஆசையா, எனக்கே தெரியவில்லை. "சரி மொதலாளி" என்று மட்டும் சொல்லிவிட்டு அண்ணாச்சி துண்டை உதறிக்கொண்டு நடந்தார்.

இப்போது நான் சூப்பர்வைசர். இன்னும் பெரிய பயிற்சி முடித்த ஆட்கள் வேண்டும் என்கிறார் முதலாளி. வருகிறவர்களிடம் நானும் சான்றிதழ் கேட்கிறேன். அண்ணாச்சிக்கு விஷயம் தெரியாது என்று மனதைத் தேற்றிக்கொள்ளவும் வழியில்லை. நான் பொட்டு வைக்க வைக்க, சந்தனக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு கூடவே வந்தவர் அவர்தான்.