கொலையே நடக்காத புத்தகம்

அட்டையில் ஒரு கத்தி, அதிலிருந்து சொட்டும் ரத்தம், பின்னால் வாயைப் பிளந்து அலறும் ஒரு பெண். இதைவிட வேறென்ன உத்தரவாதம் வேண்டும்? திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில், பின்னட்டையைக்கூடப் படித்துப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு மணவாள நகருக்கு, அக்கா வீட்டுக்குப் போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அக்கா ஒரு த்ரில்லர் நாவல் பைத்தியம். தையல் மெஷினில் கால், புத்தகத்தில் கண் என்றிருப்பாள். பாதிக் கதை தாண்டுவதற்குள் கொலைகாரன் இன்னார் என்று சொல்லிவிடுவாள். மிச்சத்தைப் படிப்பது எழுதினவனுக்குப் பரீட்சை வைப்பதற்காக. எங்களுக்குத்தான் எரிச்சல், ஒரு கதையை உருப்படியாகப் படிக்க விடமாட்டாள். மாமா மட்டும், "உங்கக்காவை ஸ்டேஷன்ல உக்கார வெச்சா ஊர்ல ஒரு கேஸ் நிக்காது" என்று பெருமையடிப்பார்.

அந்த மாமாதான் காணாமல் போனார். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை. ஒருநாள் காலையில் நாஷ்டா சாப்பிட்டுவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பினவர் கம்பெனிக்கும் போகவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. போன் அணைந்தது அணைந்ததுதான். போலீஸில் புகார் கொடுத்தோம். அத்திப்பட்டில் ஒரு டீக்கடையில் பார்த்ததாக யாரோ சொல்ல, ஓடினோம். அது வேறு ஆள். சோழவரம் ஏரியில் ஒரு பிணம் ஒதுங்கியிருக்கிறது என்று கூப்பிட்டார்கள். துணியை விலக்கிக் காட்டினார்கள், மாமா இல்லை. திரும்பும் வழியில் அக்கா பிரியாணி வாங்கினாள். யாரோ பெற்ற பிள்ளை அங்கே கிடக்கிறான், இவள் பிரியாணி வாங்குகிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் நானும் சாப்பிட்டேன்.

மாமா போனதிலிருந்து அக்கா கதைப் புத்தகத்தைத் தொடவே இல்லை. பழைய பைத்தியத்தைக் கிளப்பிவிட்டால் கொஞ்சம் தேறுவாள் என்றுதான் அந்தப் புத்தகத்தை வாங்கிப் போனேன்.

மறுநாளே போன் செய்தாள். "இன்னாடி புக்கு இது? இதுலயும் வேலைக்குப் போன புருஷன் காணம்டி."

"தூக்கிப் போடுக்கா. வேற வாங்கியாறேன்."

"சும்மா இரு. இவன் சாவல. எங்கியோ இருந்துக்கினுதான் கீறான். கடைசில வருவான் பாரு."

குரலில் பழைய துள்ளல். கோயிலில் பூக் கட்டிப் போட்டுப் பார்ப்பார்களே, வெள்ளைப் பூ வந்தால் நடக்கும், சிவப்புப் பூ வந்தால் நடக்காது என்று, அப்படி அந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்தாள். அவன் வந்துவிட்டால் மாமாவும் வந்துவிடுவார். போலீஸும் ஜோசியரும் கைவிட்ட பிறகு அவளுக்கு மிஞ்சியது இந்தக் கதைக்காரன் ஒருத்தன்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் போனபோது படித்து முடித்திருந்தாள். புத்தகம் மெஷின்மேல் கவிழ்ந்து கிடந்தது.

"வந்தானா?" என்றேன்.

"வர்ல."

"செத்துட்டானா? யாரு கொன்னது?"

"யாரும் கொல்லல. சந்தேகப்பட்ட ஒருத்தனும் காரணமில்லியாம். இன்ஸ்பெக்டரு மாத்தலாயிப் பூட்டாரு. அவன் பொண்டாட்டி கதவைத் தொறந்து வெச்சுக்கினு சோறாக்குறா. அத்தோட முடிச்சுட்டான்."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. காசை வாங்கிக்கொண்டு முடிவை எழுதாமல் விட்டவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். இதெல்லாம் ஒரு கதையா, கடைக்காரன் மூஞ்சியிலேயே வீசிவிட்டு வருகிறேன் என்று குதித்தேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கதையை உடு. உங்க மாமா வருவாரா?"

எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். "வருவாருக்கா" என்று உடனே சொல்லிவிடுவேன். அன்றைக்கும் சொன்னேன். சொல்வதற்கு முன்னால் எச்சிலை விழுங்கினேன் போலிருக்கிறது.

"நீயும் உட்டுட்டியா?" என்றாள்.

அவள் கேட்கும்வரை அது எனக்கே தெரியாது.