சிலந்தி நூலைத் தேடி அண்ணாமலை நகருக்கு

செல்வி, பிரபு, அப்பா இதை உங்கள் இரண்டு பேருக்காகவும் எழுதுகிறேன். போன செவ்வாய்க்கிழமை நானும் உங்கள் ஏழுமலை மாமாவும் சிதம்பரம் போனோம். மாமா ஏன் திரும்பி வரவில்லை என்று தெருவில் ஆளுக்கு ஒன்று பேசுகிறார்கள். நான் பத்தாவதுவரை படித்தவன். எனக்குப் புரிந்ததை, நடந்தது நடந்தபடி சொல்கிறேன்.

காலை ஏழரைக்குக் கடலூரில் பஸ் ஏறினோம். சிதம்பரத்துக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். டிக்கெட் ஆளுக்கு நாற்பது ரூபாய். மாமா ஜன்னலோரம் உட்கார்ந்து, துணி சுற்றிய வலது கையை மடியில் வைத்துக்கொண்டார். கண்டக்டர் மீதிச் சில்லறையை அந்தக் கைப்பக்கம் நீட்டினார்.

"அது லீவுல இருக்குது தம்பி. இதுல குடு" என்று மாமா இடது கையை நீட்டினார்.

முதுநகர் தாண்டி சிப்காட் தொழிற்பேட்டை வந்ததும் பஸ்ஸுக்குள் கெமிக்கல் நெடி ஏறியது. அங்கே ஒரு கம்பெனியில்தான் மாமா வேலை பார்த்தார். பொங்கலுக்கு முன்னால் ஒரு கண்ணாடிக் குழாய் வெடித்து அவர் மணிக்கட்டைக் கிழித்தது உங்களுக்கு நினைவிருக்கும். தோலைத் தைத்துவிட்டார்கள். உள்ளே நரம்பு ஒரு துண்டே போய்விட்டதால் இரண்டு முனையும் எட்டவில்லை. அதன்பிறகு கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் உணர்ச்சி இல்லை. போன மாதம் பால் இறக்கப் போனவர், கொதிக்கிற பாத்திரத்தைப் பிடித்தபடியே அஞ்சலை அத்தையோடு பேசிக்கொண்டு நின்றார். தோல் தீய்ந்த வாடை வந்த பிறகுதான் அத்தை திரும்பிப் பார்த்தாள்.

அந்தப் புண் ஆறாமல் இருந்தபோது டீக்கடைப் பேப்பரில் மாமா ஒரு செய்தி படித்தார். சிலந்தி நூலை ஆய்வுக்கூடத்திலேயே தயாரித்து, அறுந்த நரம்பைச் சேர்க்க அதில் குழாய் செய்கிறார்களாம். சிதம்பரம் பக்கத்தில் அண்ணாமலை நகர்ப் பல்கலைக்கழகத்திலும் அந்த வேலை நடக்கிறதாம். வெட்டுக்காயத்துக்கு ஒட்டடை வைப்பது நம் பக்கத்துப் பழக்கம்தானே. படித்தவர்களே சிலந்தி நூலை வைக்கும்போது நாமும் வைக்கலாம் என்றார் மாமா. அவர் சொன்னபடி அத்தை மாட்டுக்கொட்டகைக் கூரையிலிருந்து சிலந்தி வலையைப் பார்த்துப் பார்த்து எடுத்துப் புண்ணில் வைத்துக் கட்டினாள். அவருக்கு வலிக்கவில்லை. வலி இல்லாததால் ஆறுகிறது என்றுதான் நாங்கள் எல்லோருமே நினைத்தோம்.

"கை சரியாயிட்டா என்னா பண்ணுவ மச்சான்?" என்று கேட்டேன்.

"இந்த நாத்தத்துக்கே திரும்ப வருவேன். வேற எவன் நமக்கு வேல குடுக்கறான்?"

புதுச்சத்திரம் தாண்டியதும் காற்று சுத்தமானது. ஆனாலும் என் மூக்கில் ஒரு வாடை நின்றுகொண்டே இருந்தது. அது சிப்காட் வாடை இல்லை. முன்சீட்டுப் பெண் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு வேறு இடம் மாறி உட்கார்ந்தாள். மாமா வெள்ளாற்றுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஒன்பது மணிக்குச் சிதம்பரம். அங்கிருந்து ஷேர் ஆட்டோ. எங்கே இறங்க வேண்டும் என்று ஆட்டோக்காரர் கேட்டார்.

"சிலந்தி பாக்கப் போறோம்" என்றார் மாமா.

"அதுக்கு இவ்ளோ தூரமா வரணும்? என் வீட்டுக்கு வந்திருந்தா சும்மாவே காட்டியிருப்பேனே" என்றார் அவர். ஆட்டோவில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஆய்வுக்கூடம் மாடியில் இருந்தது. அங்கே ஆராய்ச்சி செய்யும் ஷாஹிதா லால்பேட்டைப் பெண். நாங்கள் முன்னால் சொல்லாமல் வந்திருந்தும் எங்களை உட்காரச் சொன்னார். அறையில் ஒரு சிலந்தி கூட இல்லை. மாமா மூலை மூலையாகத் தேடினார்.

"சிலந்திய ஆடு மாடு மாதிரி வளக்க முடியாதுண்ணே. ஒண்ண ஒண்ணு தின்னுடும்" என்றார் ஷாஹிதா. நூல் செய்வதற்குச் சிலந்தியின் உடம்பில் மரபணு என்று ஒரு குறிப்பு இருக்கிறது. அந்தக் குறிப்பைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமிக்குள் வைத்து, கிருமிக்குத் தீனி போட்டு வளர்க்கிறார்கள். அது நூலுக்கு வேண்டிய சத்தைச் செய்து தருகிறது. பிறகு கிருமி துளியும் இல்லாமல் திரும்பத் திரும்பக் கழுவுகிறார்கள். நூல் செய்வதைவிடக் கழுவுவதற்குத்தான் பாடு ஜாஸ்தி என்றார். கடைசியில் கிடைப்பது வெள்ளை மாவு. அதைக் கரைத்து, ஊசி வழியாக ஒரு திரவத்துக்குள் தள்ளினால் நூலாக நீள்கிறது. அந்த நூலால் செய்த குழாயைக் கண்ணாடித் தட்டில் வைத்துக் காட்டினார். அரிசி நீளம்தான் இருந்தது. நரம்பின் இரண்டு முனையையும் அதற்குள் வைத்தால், பந்தலில் கொடி ஏறுவதுபோல நரம்பு அதைப் பிடித்து வளருமாம்.

"எனக்கு எப்ப வைப்பீங்க?" என்று மாமா கேட்டார்.

"இங்க எலிக்குத்தாண்ணே வச்சுப் பாக்கறோம். மனுசங்களுக்கு எப்பன்னு எனக்கே தெரியாது. நாள் சொன்னா அது பொய்யாப் போயிடும்."

"எலியக் கேக்காமயே வச்சீங்க. நான் வாயத் தொறந்து கேக்கறேன். எனக்கு வைங்கம்மா."

ஷாஹிதா கண்ணாடித் தட்டை ஓரமாக வைத்தார். பிறகு, "கைய ஒரு தடவ காட்டுங்க" என்றார்.

நான் துணியைப் பிரித்தேன். பஸ்ஸில் வந்த அதே வாடை. சாம்பல் நிறத்தில் ஏதோ சதையோடு ஒட்டிக் கிடந்தது.

"இது என்னாது?"

"நீங்க செய்யறதுதான். எங்க ஊட்டுச் சரக்கு" என்றார் மாமா.

ஷாஹிதாவின் முகம் மாறிவிட்டது. "அண்ணே, நாங்க கழுவிக் கழுவி வெளிய தள்றது அத்தனையும் இதுக்குள்ள இருக்குதுண்ணே" என்று மெதுவாகச் சொன்னார். தான் டாக்டர் இல்லை என்றும், ஒரு நிமிடம்கூட நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றும் சொல்லி, ஆட்டோ பிடித்து அவரும் கூடவே வந்தார்.

பதினோரு மணிக்கு டாக்டர் பார்த்தார். சீழ் எலும்புவரை போயிருந்தது. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் கையே போகும் என்றார். சம்மதம் வாங்க வந்த நர்ஸ் மை டப்பாவை நீட்டினாள். "நான் ஐடிஐ படிச்சவன்மா" என்றார் மாமா. பிறகு இடது பெருவிரலை அவரே மையில் வைத்தார்.

உள்ளே கொண்டுபோகும்போது என்னைக் கூப்பிட்டு, "மச்சான், அஞ்சலகிட்ட பால் சுட்டதாலதான்னு சொல்லிடு. வலையப் பத்திப் பேச்சே வேணாம்" என்றார்.

இரண்டு விரலையும் எடுத்துவிட்டார்கள். சாயங்காலம் உங்கள் அம்மாவோடு வந்த அத்தை கேட்டபோது, மாமா சொன்னபடியே சொன்னேன். அவள் நம்பவில்லை. தெருவிலும் அவளைத்தான் குறை சொல்கிறார்கள். பிள்ளைகளே, அந்தப் பேச்சில் நீங்கள் சேரக் கூடாது. அவள் செய்தது அன்பால் செய்தது. மாமாவுக்கு வலித்திருந்தால் அவளே முதல் நாளில் பிரித்து எறிந்திருப்பாள். கண்ணாடித் தட்டில் நான் பார்த்த குழாய் ஒருநாள் யாரோ ஒருவர் கையைக் காப்பாற்றும் என்று நம்புகிறேன். மாமாவின் கைக்கு அது வந்து சேரவில்லை.

மறுநாள் மத்தியானம் உங்கள் அம்மாவையும் அத்தையையும் மாமாவிடம் விட்டுவிட்டு, அவருக்குத் துணி எடுக்க நான் மட்டும் கடலூர் வந்தேன். அவர் வீட்டில் யாரும் இல்லை. கொடியில் கிடந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வலது கையைப் பின்னால் வைத்து, இடது கையால் மட்டும் பட்டன் போட்டுப் பார்த்தேன். ஒன்றுகூட நுழையவில்லை. சட்டையைக் கழற்றி வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பட்டன் துளையையும் பிளேடால் கொஞ்சம் அகலமாக்கினேன். மேல் துளையை மட்டும் அப்படியே விட்டேன். கழுத்துப் பட்டனை அவர் எப்போதும் போடுவதில்லை.