ராஜஸ்தானில் பிறக்காத தாளம்

கனடாவின் கியூபெக்கில், லாசால் என்ற ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள் றெபேக்கா. காலைச் சவாரிக்கும் பின்னேரச் சவாரிக்கும் இடையில் மற்றச் சாரதிகள் கோப்பி குடிக்கப் போய்விடுவார்கள். அவள் வெறும் பஸ்ஸின் பின் இருக்கையில் உட்கார்ந்து, ஸ்டீல் கிற்றாரை மடியில் கிடத்தி, இரும்புத் துண்டைக் கம்பிகளின் மேல் வழுக்கிப் பழகுவாள். ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு ஒலி இழுபட்டுப் போகும். கன்ட்ரி என்கிற மேலைநாட்டுக் கிராமியப் பாட்டுகளில் கேட்கும் அந்த அழுகை அதுதான்.

அவளுக்கு அது கனடாவில் வந்து பிடித்த பைத்தியமல்ல. மட்டக்களப்பில் அவர்கள் வீட்டு வானொலியில் கொழும்பின் ஆங்கிலச் சேவை கன்ட்ரி பாட்டுகளைப் போடும். பக்கத்தில், போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் வீட்டில் கல்யாணம் என்றால் பைலாப் பாட்டும் ஆட்டமும் விடியும்வரை நடக்கும். தேவாலயப் பாடற்குழுவில் அவள் கிற்றார் வாசித்தாள். இவை மூன்றும் வேறு வேறு இசை என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை, அவளும் அப்படி நினைத்ததில்லை.

லூக்கின் கன்ட்ரி ரொக் குழுவில் சேர்ந்தபோது அவளுக்கு முப்பத்தைந்து வயது தாண்டியிருந்தது. லூக் பாடுவான், பாட்டும் எழுதுவான். சில்வி என்ற உயரமான பெண் டிரம்ஸ் அடிப்பாள். கியூபெக்கின் பழைய மரவெட்டிப் பாட்டுகளின் சாயலும் எலெக்ட்ரிக் கிற்றாரின் உறுமலும் கலந்தது அவர்களுடைய இசை. நல்ல இசைதான். ஆனால் லூக்கின் புதிய பாட்டொன்று நாலு தட்டுத் தாளத்தில் செத்துக் கிடந்தது. றெபேக்கா சில்வியின் பக்கம் திரும்பித் தொடையில் தட்டிக் காட்டினாள். ஆறு தட்டு, பைலாத் தாளம். அதை மெதுவாக்கி, அதன் மேல் ஸ்டீல் கிற்றாரை இழுத்து வாசித்தாள். பாட்டு எழும்பி நடந்தது.

இசைத்தட்டு வந்ததும் அந்தப் பாட்டைத்தான் வானொலிகள் திரும்பத் திரும்பப் போட்டன. ஒருநாள் பின்னேரம் பள்ளிக்கூட வாசலில் பஸ்ஸை நிறுத்திப் பிள்ளைகளுக்காகக் காத்திருந்தவள் பஸ் வானொலியில் லூக்கின் பேட்டியைக் கேட்டாள். அந்தத் தாளம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். ராஜஸ்தான் பாலைவனத்தில் ஒரு பாம்பாட்டியிடம் கேட்டதாக லூக் சொன்னான். தங்கள் குழுவில் ஒரு இந்தியப் பெண் இருப்பதாகவும், அவளுடைய கம்பிகளில் தியானம் இருப்பதாகவும் சேர்த்துக்கொண்டான்.

பிள்ளைகள் ஏறத் தொடங்கிவிட்டார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளைக்கும் பொன்ஷூர் என்று வணக்கம் சொன்னாள்.

அடுத்த ஒத்திகையில், ஏன் பொய் சொன்னாய் என்று அவள் கேட்டபோது லூக் மறுக்கவில்லை. மட்டக்களப்பு எங்கே இருக்கிறதென்று இங்கே யாருக்கும் தெரியாது, இந்தியா என்றால் உடனே விளங்கும் என்றான். அவளைப் பற்றியும் சொன்னதற்கு அவள் சந்தோஷப்பட வேண்டாமா என்று கேட்டான். லொங்குய்யில் நடக்கப்போகும் கோடை விழாவுக்கு அவள் சேலை உடுத்துக் கம்பளத்தில் இருந்து வாசிப்பாள் என்று அமைப்பாளர்களுக்கு வாக்குக் கொடுத்திருப்பதையும் அப்போதுதான் சொன்னான். சில்வி மட்டும் குச்சிகளைக் கீழே போட்டுவிட்டு வெளியே போனாள்.

வீட்டில் கணவன் கஜீவனிடம் சொன்னாள். அவன் சோற்றைப் பிசைந்தபடியே, "விடும். அவங்கட நாடு, அவங்கட பாட்டு. எங்களுக்கு ஏன் இந்தக் கரைச்சல்?" என்றான்.

லூக் சொன்னதைவிட இதுதான் அவளைச் சுட்டது.

"அவங்கட பாட்டு எண்டு ஆர் சொன்னது?" என்றாள். "பத்து வருசமா இந்த ஊர்ப் பிள்ளைகளை ஏத்தி இறக்கிறன். நான் தட்டின தாளத்தைப் பாம்பாட்டிக்குக் குடுக்கிறான். நீங்களும் அவனுக்கே குடுங்க."

அவள் அன்று சாப்பிடவில்லை.

விழாவுக்கு அவள் ஜீன்ஸும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு போனாள். கம்பளத்தைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுக் கதிரையில் இருந்தாள். அந்தப் பாட்டுக்கு முன் லூக் ஒலிவாங்கியில் ராஜஸ்தானைத் தொடங்கினான். பாம்பாட்டி வருவதற்குள் அவள் இரும்பை எல்லாக் கம்பிகளிலும் அழுத்தி இழுத்தாள். ஒலிபெருக்கி கிறீச்சிட்டது. முன்வரிசைக்காரர் காதைப் பொத்தினார்கள். கிறீச்சல் அடங்கியதும் அவள் எழுந்து போய் ஒலிவாங்கியை எடுத்தாள்.

"நான் இந்தியாவுக்குப் போனதே இல்லை," என்று பிரெஞ்சில் சொன்னாள். "இது பைலாத் தாளம். மட்டக்களப்பில் கேட்டது. இந்தப் பாட்டில் அதை வைத்தது நான். பெயர் றெபேக்கா."

சில்வி ஆறு தட்டைத் தொடங்கினாள். றெபேக்கா கதிரைக்குத் திரும்பி வாசித்தாள். லூக் மேடையை விட்டு இறங்கினான். பாடகன் இல்லாமலே பாட்டு முடிந்தது. சிலர் எழுந்து நின்று கைதட்டினார்கள். சிலர் கூச்சல் போட்டார்கள். மீதிப்பேர் பியர் வாங்கப் போனார்கள்.

அத்தோடு குழு உடைந்தது. அந்தப் பாட்டு இன்னும் லூக்கின் பெயரில்தான் வானொலியில் போகிறது. தேவாலயத்தில் ஒருவர், வெறும் ஆட்டப் பாட்டுக்காகவா வெள்ளைக்காரரோடு சண்டை பிடித்தாய் என்று கேட்டார். அவள் காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள்.

பனி விழத் தொடங்கிய மாதம் அவளும் சில்வியும் ஒரு பேஸ் கிற்றார்காரனைச் சேர்த்துக்கொண்டு லாசாலில் ஒரு மதுக்கடையில் வாசிக்கப் போனார்கள். கஜீவன் அம்ப்ளிஃபையரைத் தூக்கி வந்து வைத்தான். வாசல் கரும்பலகையில் கடைக்காரர் 'கீழைத்தேய மந்திர இசை' என்று பிரெஞ்சில் எழுதி வைத்திருந்தார். றெபேக்கா அதைக் கோட்டுக் கையாலேயே அழித்தாள். சோக்குக் கட்டி கேட்டாள். கடைக்காரர் தயங்கிக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். 'கன்ட்ரி ரொக், மட்டக்களப்பு - லாசால்' என்று பெரிய எழுத்தில் எழுதி, சோக்கு முறியும்வரை அடியில் அழுத்திக் கோடிட்டாள்.