யோகேஸ்வரி அடக்கமானவள் அல்ல

யோகேஸ்வரி இறந்த செய்தி எனக்கு ஒரு அச்சு வேலையாக வந்தது. ஹட்டனில் நான் வேலை செய்யும் போட்டோகொப்பிக் கடையை அன்று காலை அப்போதுதான் திறந்திருந்தேன். தேயிலைத் தோட்டத்தில் அவளுடைய லயத்து வரிசையில் அடுத்த வீட்டுக்காரர் வந்து, மரண அறிவித்தல் அடிக்க வேண்டும் என்று போனை நீட்டினார். முந்தின நாள் மாலை கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டாளாம். படத்தைப் பார்த்தேன். அவள் வெளிநாடு போவதற்கு முன்னால் எடுத்தது. நீளப் பின்னலை முன்னால் விட்டிருந்தாள். யாரோ கன்னத்தை வெளுப்பாக்கியிருந்தார்கள். கீழே “அடக்கத்தின் உருவாகவும் அமைதியின் வடிவாகவும் வாழ்ந்த” என்று ஒரு வரி. அந்த வரியை எடுத்துவிட்டு அடித்துக் கொடுத்தேன். அவர் கவனிக்கவில்லை.

அவளை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். பஸ் நிலையத்திலும் தையல் கடையிலும் கொழுந்து மடுவத்திலும் அவள் கையிலிருந்து மடித்த தாள்களை வாங்கியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அந்தத் தாள்கள் எங்கிருந்து வந்தன என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்காது.

சைப்பிரஸில் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு யோகா போயிருந்தாள். அந்த வீட்டின் கராஜில் பேத்தியும் தோழிகளும் சேர்ந்து பங்க் இசை வாசிப்பார்களாம். காது கிழியும் வேகம், பாட்டில் பாதி கத்தல். யாரோ யாரையோ அடிக்கிறார்கள் என்று பயந்து, முதல் நாள் இவள் ஓடிப்போய் எட்டிப் பார்த்திருக்கிறாள். கிட்டார் வைத்திருந்த பெண்ணுக்குக் கிட்டார் சரியாக வாசிக்க வராது. அதற்காக அவள் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. யோகாவைப் பிடித்துக்கொண்டது அதுதான். அந்தப் பெண்கள் தங்கள் பாட்டையும் ஆத்திரத்தையும் கையால் எழுதி, படங்களை வெட்டி ஒட்டி, கொப்பி எடுத்து, மடித்துக் கையில் கொடுப்பார்களாம். அதற்கு அவர்கள், மேகஸீன் என்பதைச் சுருக்கி, ஸீன் என்று பெயர் வைத்திருந்தார்கள். நாங்கள் ‘மடிப்பு’ என்றோம்.

திரும்பி வந்து மறுபடி கொழுந்து பறிக்கப் போனாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், கடையில் ஆள் குறைந்த நேரம் பார்த்து என்னிடம் வருவாள். பிழையாக அச்சான கல்யாணப் பத்திரிகைகள் கடையில் மூட்டையாகக் கிடக்கும். அவற்றின் தங்க எழுத்துகளை வெட்டித்தான் எங்கள் மடிப்புக்குக் ‘கத்து’ என்று தலைப்பு ஒட்டினோம். மணமக்களின் பெயர்களிலிருந்து வெட்டிய எழுத்துகள். எந்தெந்த நாட்டிலோ மேடையில் வாய் கிழியக் கத்திய பெண்களைப் பற்றி அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். “பங்கா? எதுல பங்கு?” என்று மடுவத்தில் ஒரு அக்கா கேட்டதற்கு, “எல்லாத்துலயும்தான்க்கா” என்று பதில் சொல்லிவிட்டு வந்து, அதையே அடுத்த மடிப்பின் அட்டையில் போட்டாள்.

இரண்டாம் மடிப்பில் கிட்டார்க்காரிகளுக்கு நடுவே அவள் வேறொரு பக்கத்தை ஒட்டினாள். மலையில் கக்கூஸ் கிடையாது. மாதவிலக்கு நாளில் கொழுந்து பறிக்கிறவள் துணியை எங்கே மாற்றுகிறாள், நனைந்த துணியோடு எத்தனை நேரம் நிற்கிறாள் என்று பெண்கள் அவளிடம் சொன்னது சொன்னபடி இருந்தது. இதற்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன்.

“அவளுக கத்துறதே இதுக்குத்தான் புள்ள. நமக்குக் கிட்டாரு இல்ல, அவ்வளவுதான்” என்றாள்.

வேலையை மேற்பார்வை செய்யும் கண்டாக்கையாவைப் பற்றியும் ஒரு வரி எழுதச் சொன்னாள். “கண்டாக்கு கத்துனா வேல. நாம கத்துனா திமிரு.” அந்த வரியைச் சிலர் மடுவத்துச் சுவரில் கரியால் எழுதி வைத்தார்கள்.

அந்த வருட மகளிர் தின விழாவுக்கு ஊர் இலக்கிய வட்டம் எங்களையும் அழைத்தது. அதன் தலைவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். மேடையில் நின்று, எங்கள் மடிப்பை அட்டைப்பூச்சியைப் பிடிப்பதுபோல இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். இது இலக்கியம் இல்லை, அசிங்கம், யாரும் இதை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம் என்றார். முன்வரிசையில் பட்டுச்சேலைகள் தலையாட்டின. யோகா எழுந்து போய் மைக்கை வாங்கினாள்.

“அசிங்கம்தாங்க சேர். நாங்க அந்த அசிங்கத்துலதான் நிக்கிறோம். நீங்க குடிக்கிற தேத்தண்ணி அங்கருந்துதான் வருது.”

கத்தவில்லை. சாதாரணக் குரலில்தான் சொன்னாள். கடைசி வரிசையில் பெண்கள் சிரித்தார்கள். திரும்பும்போது பஸ்ஸில் டிக்கட்டைச் சுருட்டுவதும் விரிப்பதுமாகவே வந்தாள். அதையும் நான் பார்த்தேன்.

செத்த வீட்டுக்கு நான் போனபோது அவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. தன் முடியைத் தானே குட்டையாக வெட்டிக்கொண்டவள் அவள். இப்போது தலையில் சவுரி வைத்துப் பின்னி, பூவும் சுற்றியிருந்தார்கள். யார் யாரோ வைத்துக் கழற்றிய அந்தச் சவுரியிலிருந்து பழைய எண்ணெய் நாற்றம் வந்தது. நாலு பேர் வந்து போகிற இடத்தில் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டாமா என்றார் அவளுடைய அண்ணன். உயிரோடு இருந்தவரை அவளோடு பேசாதவர் அவர். நான் தலைமாட்டில் இருந்த அவள் அம்மாவைப் பார்த்தேன்.

“தொட்டுப் பாத்தேன் சுமதி. எம்புள்ள தலையா இல்ல அது. எடுத்துரு” என்றார் அம்மா.

ஊசி ஊசியாகக் கழற்றினேன். அண்ணன் ஏதோ சொல்ல வந்தார். மடுவத்துப் பெண்கள் எழுந்து என்னைச் சுற்றி நின்றார்கள். சவுரியை வெளியே குப்பையில் போட்டுவிட்டுக் கை கழுவினேன். இரண்டு தடவை சோப்புப் போட்டும் நாற்றம் போகவில்லை.

பெட்டியைத் தூக்குவதற்கு முன் இலக்கிய வட்டத்துத் தலைவர் வந்தார். கையோடு மாலையும் படம் எடுக்க ஒரு ஆளும். மலையகம் தன் அடக்கமான இலக்கியச் சுடரை இழந்துவிட்டது என்றார். அவளுடைய எழுத்துகளைத் தானே முன்னுரை எழுதி நூலாகக் கொண்டுவரப்போவதாக அறிவித்தபோது சிலர் கை தட்டவும் செய்தார்கள், பிணத்தின் முன்னால். பேசி முடித்து என்னிடம் வந்தார்.

“தங்கச்சி, ஒரிஜினல் எல்லாம் ஒங்ககிட்டதானே இருக்கு? அந்த ஒரு பக்கத்த மட்டும் எடுத்துட்டு, எழுத்துப்பிழையெல்லாம் திருத்திப் போட்டுருவோம்.”

“தர மாட்டேங்க சேர்.”

“அப்ப எல்லாம் அழிஞ்சி போயிருமே.”

“அழியாதுங்க. கொப்பி மெஷின் என்கிட்டதான் இருக்கு.”

அவர் முகம் கோணியது. படம் எடுக்கிறவனைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஐந்தாம் மடிப்பு பாதியில் நின்றிருந்தது. ஒட்டிய பக்கங்களை ஒட்டியபடியும் வெற்றுப் பக்கங்களை வெற்றாகவும் கொப்பி எடுத்து, கருமாதிக்கு வந்தவர்களுக்குக் கொடுத்தேன். எழுத்துப்பிழை ஒன்றையும் திருத்தவில்லை. அண்ணன் வாங்கவில்லை. வாசிக்கத் தெரியாத அம்மா, இரண்டு எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

ஞாபகமாக அவளுடைய கத்தரிக்கோலை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். என்னிடம் வேறு இருக்கிறது, வேண்டாம் என்றேன். யோகாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. சகிக்க முடியாததைக் கண்டால், எதிரில் யார் நின்றாலும் முகத்துக்கு நேரே “சீ” என்பாள். விளக்கம் சொல்ல மாட்டாள், சண்டை போட மாட்டாள். அவ்வளவுதான். நான் அப்படிப்பட்டவள் இல்லை. எதையும் விழுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் புழுங்குகிறவள். அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தச் “சீ” ஒன்றைத்தான். போன வாரம் டிக்கோயா பஸ்ஸில், பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தியை நெருக்கிக்கொண்டு நின்ற ஒரு பெரிய மனிதரைப் பார்த்து அதைச் சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. டிரைவர் வரைக்கும் கேட்டது.