பெர்லாவின் மூன்று கேள்விகள்

“அடுத்து வர்ற பண்டிகை எது?” என்று முதலில் கேட்பாள். பதில் முடிவதற்குள் “பதிமூணு வயசுல வேதத்துல எந்தப் பகுதி படிச்சே?” என்று அடுத்தது பாயும். யூதப் பையன்கள் அந்த வயதில் ஆலயத்தில் வேதம் வாசிப்பது வழக்கம். கடைசியாக, “இங்க யாரைத் தெரியும் உனக்கு?” கேட்கும்போது முகத்தைப் பார்க்க மாட்டாள். வந்தவனின் கைகளையும் பையையும்தான் பார்ப்பாள்.

காலை ஜெபம் ஏழரைக்கு. பெர்லா குஷ்னிர் ஏழு மணிக்கே எங்கள் ஜெப ஆலயத்தின் இரும்புக் கதவுக்கு வெளியே வந்து நின்றுவிடுவாள். ஐம்பத்தொன்பது வயது. குட்டை உருவம். செத்துப்போன புருஷனின் தோல் கோட்டு முழங்கால் வரை தொங்கும். கக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க், கையில் மாத்தே என்கிற கசப்பு இலைத் தேநீர்க் குவளை. இதற்குச் சம்பளம் கிடையாது. சம்பளத்துக்கு ஒன்பது மணிக்கு மேல் ஒரு பல் டாக்டரிடம் முன்மேஜையில் உட்காருகிறாள். அங்கேயும் வலி என்று வருகிறவனை நாலு கேள்வி கேட்காமல் உள்ளே விடுவதில்லை என்று கேள்வி.

எங்கள் ஆலயம் பழைய சம்பிரதாயம். ஜெபத்துக்குப் பத்து ஆண்கள் சேர வேண்டும். பெண்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. “உள்ள என்னை ஒருத்தனும் எண்ண மாட்டான். வாசல்ல நான்தான் உங்க எல்லாரையும் எண்றேன், போ” என்று என்னைச் சீண்டுவாள். எழுபத்தொரு வயதில் நானும் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுவேன்.

தொண்ணூற்று நான்கில் இந்த ஊரில் எங்கள் சமூகக் கட்டடத்தில் குண்டு வெடித்ததே, அன்று அவளுடைய அக்கா மிர்த்தா வேலை கேட்டு அங்கே போயிருந்தாள். மோதிரத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். அதற்குப் பிறகு புவெனஸ் ஐரிஸில் எங்கள் வாசல்களிலெல்லாம் சிமெண்ட் தூண்கள் வந்தன. எங்கள் வாசலில் கூடவே பெர்லாவும் வந்தாள்.

யூதர்களின் நாட்டில் இந்தப் போர் தொடங்கியதிலிருந்து அவளுக்கு வாய் ஓய்வதில்லை. ரொட்டிக் கடைக்காரன், “உங்க நாட்டுல சண்டை எப்பம்மா முடியும்?” என்று கேட்டிருக்கிறான். “எங்க நாடா? நான் உன் கடைக்கு எதிர் வீட்டுல பொறந்தவடா! உங்கப்பன் எனக்கு ரொட்டி வித்திருக்கான்!” என்று கத்திவிட்டு ரொட்டி வாங்காமல் வந்துவிட்டாள். பார்சலோனாவில் இருக்கும் மகள் போருக்கு எதிராக அறிக்கைகளில் கையெழுத்துப் போடுகிறவள். போனில் தாயும் மகளும் மோதாத ஞாயிறு இல்லை. “நீ யாரைம்மா இப்படி வாசல்ல நிறுத்தி விசாரிக்கிறே, வெட்கமா இல்லையா?” என்று அவள் கேட்டாளாம். இதை என்னிடம் சொல்லிவிட்டு பெர்லா, “அவ மேல தப்பில்ல மவுரிசியோ. அவ பெரியம்மாவைப் பார்த்ததே இல்லையே” என்றாள்.

போன வருடம், இங்கே குளிர்காலமான ஜூலையில் ஒரு காலை. உள்ளே நாங்கள் ஒன்பது பேர். என் மனைவி போய் நாலு மாதம் ஆகியிருந்தது. தினமும் அவளுக்காகக் கதீஷ் சொல்லிக்கொண்டிருந்தேன். இறந்தவர்களுக்காகச் சொல்லும் ஜெபம் அது. பத்தாவது ஆள் இல்லாமல் அதைச் சொல்லக்கூடாது. எட்டு மணி வரை கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கடைசியில் பெர்லா தலையை நீட்டி, “ஒரு ஆள் வந்தான். ஒரு கேள்விக்கும் பதில் இல்ல. பையை வேற நெஞ்சோட கட்டிப் பிடிச்சிருந்தான். அனுப்பிட்டேன்” என்றாள், பெருமையாக.

“என்ன வேணுமாம்?” என்றார் ஹெர்ஷ். ஆலயத்தின் சாவியும் விளக்குகளும் அவர் பொறுப்பு.

“அம்மாவுக்கு இன்னிக்கு திவசமாம். பலகையில அம்மா பேர் இருக்கு, போய்ப் பாருங்கன்னான். வாசலை விட்டுட்டு நான் எங்க போறது? எல்லாரும் இப்படித்தான் ஏதாவது சொல்லுவாங்க.”

“அம்மா பேர் என்னன்னான்?”

“தோபா.”

ஹெர்ஷ் சுவரைக் காட்டினார். பித்தளைப் பலகையில் இறந்தவர்களின் பெயர் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்ன பல்பு உண்டு. அவரவர் நாளில் அதைப் போடுவார்கள். அன்று காலை எரிந்துகொண்டிருந்தது ஒரே ஒரு பல்புதான். ‘தோபா, இசாக்கின் மகள்.’ இரண்டு வருடத்துக்கு முன் யாரோ கடிதம் எழுதி வைக்கச் சொன்ன பெயர். வாசலில் நிற்கிறவளுக்கு உள்சுவர் எப்படித் தெரியும்?

தாய் யூதப் பெண் என்றால் பிள்ளை யூதன். எங்கள் சட்டத்தில் அதற்கு வேறு பரீட்சையே கிடையாது. பெர்லா தெருமுனை வரை ஓடிப் பார்த்துவிட்டு மூச்சிரைக்கத் திரும்பினாள். அன்று தோபாவுக்கும் கதீஷ் இல்லை, என் மனைவிக்கும் இல்லை. நான் அவளோடு மூன்று வாரம் பேசவில்லை. பேசியிருக்கலாம்.

வருகிறவர்களின் பெயரும் அடையாள எண்ணும் அவளுடைய நோட்டில் இருக்கும். அதை வைத்துத் தேடி, தெற்குப் புறநகரில் அந்த ஆளின் வீட்டைக் கண்டுபிடித்துப் போனாள். நெஸ்தோர் அகிலார், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். உட்காரச் சொல்லி மாத்தே கொடுத்திருக்கிறார். அவர் அம்மா ஊருக்கெல்லாம் அன்டோனியாதான். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போனவள். சாகக் கிடந்தபோதுதான், “நான் தோபாடா, வில்லா கிரெஸ்போவுல பொறந்தேன்” என்று மகன் காதில் சொல்லியிருக்கிறாள். எங்கள் ஆட்கள் நிறைய வாழ்ந்த பேட்டை அது. அன்று அவர் பையில் இருந்தது அவளுடைய போட்டோ.

பெர்லா மன்னிப்புக் கேட்டாள். அவர் சொன்னதை எனக்கு அப்படியே ஒப்பித்தாள்: “நீங்க ஏம்மா மன்னிப்பெல்லாம் கேட்டுக்கிட்டு. மூணு கேள்வி கேட்டீங்க, எனக்கு ஒண்ணும் தெரியல. நான் யாருன்னு எங்கம்மா ஒண்ணு சொன்னாங்க, நீங்க ஒண்ணு சொன்னீங்க. இதுல நீங்கதானே விவரம் தெரிஞ்சவங்க.”

“திட்டியிருந்தா தேவலை மவுரிசியோ. கன்னத்துல ரெண்டு வெச்சிருந்தாக்கூட தேவலை” என்று சொல்லிவிட்டு, தான் வேலை பார்க்கும் பல் டாக்டர் வாசலிலேயே அழுதாள். அடுத்த வருடத் திவசத் தேதியை எழுதி நெஸ்தோர் கையில் கொடுத்து, வரவேண்டும் என்று கெஞ்சியிருக்கிறாள். “பாக்கறேன்” என்றாராம்.

இன்றைக்கும் வாசலில் நிற்கிறாள், கேள்வியும் கேட்கிறாள். கேட்காமல் இருக்க முடியாது, போன மாதம்கூட எங்கள் சுவரில் கண்டதை எழுதிவிட்டுப் போனார்கள். ஆனால் தெரியாதவர்கள் திணறினால் இப்போது அவள் குரல் உடைந்துவிடுகிறது.

இந்த வருடம் அந்த நாளுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே எல்லோருக்கும் போன் போட்டாள். “வயிறு வலி, மழைன்னு எவனாவது சொன்னீங்க, வீட்டுக்கே வந்து இழுத்துட்டு வருவேன்.” எங்களுக்குள் போரைப் பற்றிச் சண்டை போட்டு, ஆறு மாதமாக ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத இரண்டு பேரையும் கொண்டுவந்து சேர்த்தாள். பத்துப் பேர் வந்துவிட்டோம். ஹெர்ஷ் பல்பைப் போட்டார்.

ஏழே முக்காலுக்கு நெஸ்தோர் வந்தார். எதிர்ப்பக்கம் மருந்துக் கடை வாசலில் நின்றுகொண்டார்.

“வாங்க! ஒண்ணும் கேக்க மாட்டேன், வாங்க!” என்று பெர்லா இங்கிருந்து கூப்பிட்டாள்.

அவர் கையை உயர்த்தி வணக்கம் சொன்னார். “இங்கயே இருக்கேம்மா. இது போதும்.”

அவள் தெருவைத் தாண்டிப் போய் என்னவோ பேசினாள். அவர் மாட்டேன் என்று தலையை அசைத்தார். தனியாகத் திரும்பி வந்தாள்.

நான் தோபாவுக்காக எழுந்து கதீஷைத் தொடங்கினேன். அப்போது சில்லென்று காற்று வந்து என் புத்தகத்தின் தாள்களைப் புரட்டியது. நிமிர்ந்து பார்த்தால் நேராகத் தெரு தெரிந்தது. பேருந்து போவது தெரிந்தது. மருந்துக் கடை வாசலில், ஜெபத்துக்கு நாங்கள் தலையை மூடுவதுபோலத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் நிற்பது தெரிந்தது. முப்பது வருடமாக ஒரு ஆள் அகலத்துக்கு மேல் திறக்காத இரும்புக் கதவுகள் இரண்டையும் பெர்லா விரியத் திறந்திருந்தாள்.

“கதவைச் சாத்து பெர்லா! பைத்தியமா உனக்கு? குளிருது!” என்று பின்வரிசையில் கத்தினார்கள்.

அவள் ஒரு கதவை முதுகாலும் இன்னொன்றை நீட்டிய கையாலும் முட்டுக் கொடுத்துக்கொண்டு காற்றில் நின்றாள்.

“சத்தமா சொல்லு மவுரிசியோ,” என்றாள். “அவருக்குக் கேக்கல.”